செவ்வந்தியை மொட்டு விடாமல் தடுத்த ஒரு டைமர் பின்

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் நாலு செவ்வந்தித் தொட்டிகளை ஜன்னல் இல்லாத உள்ளறையில், எல்இடி விளக்கின் கீழ் வைத்தேன். குறித்த நேரத்தில் விளக்கைத் தானாகப் போட்டு அணைக்க ஒரு டைமர். செடி தளதளவென்று வளர்ந்தது. இரண்டு மாதமாகியும் மொட்டு மட்டும் இல்லை.

ஆரியங்காவுச் சித்தி சொன்னபடி பொட்டாஷ் போட்டேன். தண்ணீரைக் குறைத்தேன்; இலை வாடியதுதான் மிச்சம். செவ்வந்திக்கு நீண்ட இரவு வேண்டும் என்று படித்த பிறகு, விளக்கை 16 மணி நேரத்திலிருந்து 11-ஆகக் குறைத்தேன். மூன்று வாரம் போயும் அதே கதை.

ஒரு ராத்திரி ஒரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், கதவிடுக்கில் வெளிச்சம்! கால் மணி நேரத்தில் தானாகவே அணைந்தது. டார்ச் அடித்து டைமரைப் பார்த்தேன். வட்டத்தைச் சுற்றி 96 சின்னப் பின்கள், ஒவ்வொன்றும் 15 நிமிடம்; அழுத்திய பின்னின் நேரத்தில் விளக்கு எரியும். நள்ளிரவுப் பக்கம் ஒரே ஒரு பின் அழுந்திக் கிடந்தது. தூசி துடைக்கும்போது நானே அழுத்தியிருப்பேன். செவ்வந்திக்கு இருட்டு நீளமாக இருந்தால் போதாது, இடையில் முறியவும் கூடாது. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் அதற்கு அது குட்டை இரவுதான்.

பின்னை நிமிர்த்திவிட்டு, காலை 7 முதல் மாலை 5 வரை மட்டும் விளக்கு என்று வைத்தேன். கரண்ட் போனால் இந்த டைமரும் நின்றுவிடும். அப்புறம் நேரம் பின்தங்கும். சாரல் காலத்தில் கரண்ட் போவதற்குக் கேட்க வேண்டுமா? ஒவ்வொரு தடவையும் வட்டத்தைத் திருப்பிச் சரிசெய்தேன்.

26-ஆம் நாள் காலையில் நுனியில் மிளகளவு பச்சை மொட்டு. நாலு தொட்டியிலும்.