குற்றத்தைக் கணிக்கும் கணினி: டெல்லித் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டேட்டா மைனிங் (குவிந்த தரவில் போக்குகளைத் தேடும் துறை) படிக்கும் டெல்லித் தமிழ் மாணவர்களுக்குக் குற்றக் கணிப்பில் ஆர்வம் வருவது இயல்பு. இந்த ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. டெல்லி காவல்துறை இஸ்ரோ உதவியோடு சிமாப்ஸ் என்ற அமைப்பை உருவாக்கி, அவசர எண் 100-க்கு வந்த அழைப்புகளை வரைபடத்தில் ஏற்றி, குற்றம் மிகுந்த இடங்களைக் குறித்தது.

முதல் தவறு அந்த வரைபடத்தை நம்புவதில்தான் தொடங்குகிறது. அதில் இருப்பது புகார். நடந்த குற்றம் முழுவதும் அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். மீதிப் பேரை எந்த அல்காரிதமும் பார்க்காது. வீட்டு வேலைக்குப் போகும் அக்காவின் பர்ஸ் பஸ்ஸில் பறிபோனால், அரை நாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டேஷனில் போய் உட்காருவாரா? அவர் வாழும் பகுதி தரவில் அமைதியாகத் தெரியும். போதாக்குறைக்கு, ஒரே எஃப்ஐஆரில் பல குற்றங்கள் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அவற்றில் கடுமையான ஒன்றை மட்டுமே எண்ணுகிறது.

இதைவிட ஆபத்தானது சுழல். ஓர் இடத்தை ஹாட்ஸ்பாட், அதாவது குற்றம் மிகுந்த இடம், என்று கணினி சொன்னால் ரோந்து அங்கே கூடும். ரோந்து கூடினால், வேறு தெருவில் யாரும் கவனிக்காத சில்லறை வழக்குகள் இங்கே பதிவாகும். அடுத்த முறை கணினி இன்னும் உறுதியாக அதே இடத்தைக் காட்டும். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் போதைப்பொருள் வழக்குகளை வைத்து 2016-இல் வெளிவந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. போதைப் பழக்கம் நகரெங்கும் பரவியிருந்தும், கணிப்பு கறுப்பின மக்களும் ஏழைகளும் வாழும் பகுதிகளையே சுட்டியது. அதனால் ரோந்துக் காவலர் தாமாகப் பதிந்த வழக்குகளையும் பொதுமக்கள் கொடுத்த புகார்களையும் கலக்காதீர்கள்.

அப்புறம் முகவரி. ஜுக்கி எனப்படும் குடிசைப் பகுதிகளில் பல வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. பக்கத்து மெட்ரோ நிலையத்தையோ கோயிலையோ அடையாளம் சொல்வார்கள். நூறு வீடுகளின் புகார்கள் ஒரே புள்ளியில் குவிந்தால் அது போலி ஹாட்ஸ்பாட். ஊரும் மாறுகிறது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த ஜங்புரா மதராஸி கேம்ப் 2025-இல் இடிக்கப்பட்டது. பலர் டெல்லியின் வடக்கு ஓரத்திலுள்ள நரேலாவுக்குப் போனார்கள். பழைய தரவில் பழகிய கணிப்பு மாதிரிக்கு (மாடலுக்கு) அது தெரியாது.

சோதனையின்போது தரவைக் குலுக்கிப் பிரிப்பதும் தவறு. பிந்தைய மாதங்களைப் பார்த்துவிட்டு முந்தையதைக் கணிப்பதாகிவிடும். பழைய மாதங்களில் பழக்கி, பிந்தைய மாதங்களில் சோதியுங்கள். 99 சதவீதத் துல்லியம் என்று வந்தால் மகிழ வேண்டாம். கொலை போன்ற அரிய குற்றத்தில், ‘எங்கும் எதுவும் நடக்காது’ என்று சொன்னாலே அந்த எண் வந்துவிடும்.

யார் குற்றத்தில் சிக்குவார் என்று ஆட்களைக் கணிக்கும் வேலையை மட்டும் தொடவே வேண்டாம். சிகாகோ காவல்துறை அப்படியொரு பட்டியல் வைத்திருந்து, பிறகு கைவிட்டது. சரி, எதில் தொடங்கலாம்? வாகனத் திருட்டு நல்ல தேர்வு. காப்பீட்டுப் பணத்துக்கு எஃப்ஐஆர் தேவை என்பதால், மற்றக் குற்றங்களைவிட அதில் விடுபடுவது குறைவு.