லூயிஸ் புள்ளிப் படம்: "சும்மா இருக்கும்" அந்த இரண்டு புள்ளிகள்

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வேதிப்பிணைப்புப் பாடத்தில் லூயிஸ் படம் (அணுவின் கடைசி அடுக்கு எலக்ட்ரான்களைக் குறியீட்டைச் சுற்றிப் புள்ளிகளாகப் போடுவது) வந்தால், என் பழைய நோட்டை யாரோ ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்த மாதிரி அதே பிழைகள் வரும். குறியீட்டை மாற்றி எழுதுவது, புள்ளியைக் கோணலாக வைப்பது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை.

எல்லா எலக்ட்ரானையும் வரைவது

அலுமினியத்துக்கு 13 எலக்ட்ரான், அடுக்கு 2, 8, 3. படத்தில் வர வேண்டியது கடைசி 3 மட்டும். 13 முதல் 18 வரையுள்ள தொகுதிகளுக்குத் தொகுதி எண்ணில் 10-ஐக் கழித்தால் போதும். ஹீலியம் மட்டும் 18-ஆம் தொகுதியில் உட்கார்ந்துகொண்டு இரண்டே புள்ளியோடு நிற்கும். இரும்பு, தாமிரம் பக்கம் இந்தக் கணக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

அவசரப்பட்டு ஜோடி சேர்ப்பது

குறியீட்டின் நாலு பக்கமும் புள்ளியை ஒவ்வொன்றாக வையுங்கள், அப்புறம்தான் ஜோடி.

தனித்த இரட்டையை விட்டுவிடுவது

எந்தப் பிணைப்பிலும் சேராத எலக்ட்ரான் ஜோடிதான் இது, வகுப்பில் எல்லோரும் லோன் பேர் என்றுதான் சொல்வோம். நான் படித்த காலத்தில், பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில் அம்மோனியாவுக்குப் படம் கேட்டிருந்தார்கள். நடுவில் நைட்ரஜன், சுற்றி மூன்று ஹைட்ரஜன், இடையிடையே மூன்று ஜோடிப் புள்ளி என்று அழகாகப் போட்டேன். நைட்ரஜனிடம் மிச்சமிருந்த இரண்டு புள்ளி எந்தப் பிணைப்பிலும் இல்லையே, எதற்கு என்று விட்டுவிட்டேன். அடுத்த கேள்வி வடிவம். என் படம் சொன்னபடி தட்டையான முக்கோணம், 120 டிகிரி என்று எழுதினேன் (உண்மையில் பிரமிடு, சுமார் 107). அதற்கடுத்து முனைவுள்ளதா (ஒரு பக்கம் நேர், மறுபக்கம் எதிர் மின்சுமை சாய்ந்திருக்கிறதா) என்று கேட்டிருந்தார்கள். தட்டையாக, சமச்சீராக இருக்கிறதே, முனைவற்றது என்று தைரியமாக எழுதினேன். கடைசியாக, போரான் ட்ரைபுளூரைடோடு அம்மோனியா ஏன் சேர்கிறது என்று ஒரு கேள்வி. போரானைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்தான், இன்னும் ஒரு ஜோடிக்கு இடமிருக்கிறது, அதைக் கொடுப்பது நான் வரையாமல் விட்ட அதே ஜோடிதான். எனக்கு அங்கே வெறும் வெள்ளைத்தாள்.

நாலு கேள்வியும் போனது ஒரே ஒரு ஜோடியால். இன்றைக்கும் எரிச்சல் வருவது மார்க்குக்காக இல்லை, படம் பார்க்கச் சரியாகவே இருந்தது என்பதால்தான், ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. எண்ணியிருந்தால் மாட்டியிருக்கும்: நைட்ரஜனுக்கு 5, மூன்று ஹைட்ரஜனுக்கு 3, மொத்தம் 8. என் படத்தில் இருந்தது 6.

போன வாரம் ஒரு பெண் தண்ணீரை நேர்கோடாக வரைந்து நீட்டினாள், ஆக்சிஜன் தலையில் ஒரு புள்ளிகூட இல்லை. கேட்டதற்கு "அது சும்மாதானே சார் இருக்கு" என்றாள். சும்மாவா? அந்த இரண்டு ஜோடிகள்தான் ஹைட்ரஜன்களை நெருக்கித் தள்ளி 104.5 டிகிரிக்கு வளைக்கின்றன, அந்த வளைவு இல்லாவிட்டால் தண்ணீருக்கு முனைவே இருக்காது. 1916-இல் லூயிஸ் பிணைப்பை விளக்கியதே எலக்ட்ரான் ஜோடிகளை வைத்துத்தான், நாம் அதில் பாதியை அழித்துவிட்டு வரைகிறோம்.

அயனியின் மின்சுமையை மறப்பது

மொத்தப் புள்ளிகளை எண்ணும்போது ஒவ்வொரு எதிர் சுமைக்கும் ஒன்று கூட்டுங்கள், நேர் சுமைக்கு ஒன்று கழியுங்கள். நைட்ரேட்டுக்கு 23 இல்லை, 24. அம்மோனியத்துக்கு 9 இல்லை, 8.

எட்டே வேண்டும் என்று அடம்பிடிப்பது

ஒவ்வொரு அணுவையும் சுற்றி எட்டு எலக்ட்ரான்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடை எண்ணிப் பாருங்கள்: நடுவில் உள்ள பாஸ்பரஸைச் சுற்றிப் பத்து.