பாடலாசிரியர்-பாடகரைப் பிடிக்க மேடைப் பதிவே நல்ல வழி

தானே எழுதித் தானே பாடும் ஒருவரைப் புதிதாகக் கேட்கப் போகிறீர்களா? ஸ்டுடியோ ஆல்பத்துக்கு முன்னால் அவருடைய மேடைப் பதிவு ஒன்றைத் தேடுங்கள். நீல் யங் என்றால் 1971 ஜனவரியில் டொரொன்டோவின் மேசி ஹாலில் அவர் தனியாக நடத்திய கச்சேரி. 2007-இல்தான் ஆல்பமாக வந்தது. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ அப்போது வெளிவராத பாட்டு. கிடாரை விட்டுவிட்டு பியானோவில், இன்னொரு பாட்டின் தொடர்ச்சியாகப் பாடுகிறார். எனக்கு ஸ்டுடியோ வடிவத்தைவிட இதுதான் பிடிக்கும்.

ஜோனி மிட்சலின் 1974 மேடை ஆல்பத்தில், பாட்டுக்கு நடுவே வரும் பேச்சைத் தாண்டிவிடாதீர்கள். அந்தப் பாட்டைப் பாடு, இந்தப் பாட்டைப் பாடு என்று ரசிகர்கள் கத்த, ‘ஸ்டாரி நைட்’ ஓவியத்தை மறுபடி வரையச் சொல்லி ஓவியர் வான் கோவிடம் யாராவது கேட்டார்களா என்கிறார். கூட்டம் சிரிக்கிறது.

அப்புறம் ஒரு சின்ன வேலை: பாட்டுக் கேட்கும் ஆப்பில் ஷஃபிளையும் (பாட்டுகளை வரிசை மாற்றிப் போடுவது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைத்துவிட்டு, கேப்லெஸ் பிளேபேக்கை (பாட்டுகளை இடைவெளி இல்லாமல் ஓட்டுவது) போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் கைதட்டல் பாதியில் வெட்டுப்படும். லெனர்ட் கோஹனின் 2008 லண்டன் கச்சேரியை அப்படி வெட்டுப்பட்டுக் கேட்டால் எரிச்சல்தான் வரும்.