மார்கழித் தோட்டத்தில் வலசைப் பறவைகளைப் படமெடுத்தல்

குளிர்காலத்தில் பறவைகளைப் படமெடுக்க விரும்புவோர் பெரும்பாலும் வேடந்தாங்கலுக்கோ கோடியக்கரைக்கோ பயணம் வைக்கிறார்கள். நீர்ப்பறவைகளுக்கு அது சரியான வழிதான். ஆனால் இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்தும் வந்து, நம் வீட்டு மாமரத்தடியில் மாதக்கணக்கில் தங்கிப்போகும் ஆறுமணிக் குருவியைப் படமெடுக்க எங்கும் போக வேண்டியதில்லை. கொடிக்கால் வாலாட்டி, பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான் ஆகியவையும் அப்படித்தான். அவை வந்திருக்கின்றன என்பதை அறிந்து, அவற்றின் அன்றாட ஒழுங்கைக் கற்றுக்கொண்டு, ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்தால் போதும்.

ஆகவே முதல் வாரம் கேமராவைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆறுமணிக் குருவி விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் இரட்டைச் சுருதியில் விசிலடிப்பது போலக் கூவும். பெயரே அதனால் வந்ததுதான். எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பழுப்புக் கீச்சான் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குறிப்பிட்ட சில குச்சிகளிலும் கம்பிகளிலும் திரும்பத் திரும்ப வந்து அமரும். நான்கு நாள் கவனித்தால், நாளை காலை அது எந்தக் குச்சியில் உட்காரும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லிவிடலாம். நான் தொடங்கிய ஆண்டில் இதை அறியாமல், ஓர் ஆறுமணிக் குருவியைத் தோட்டம் முழுக்கப் பின்தொடர்ந்தேன். மூன்றாம் நாள் அது மதில் தாண்டிப் போய்விட்டது; அந்தப் பருவம் முழுவதும் அதன் குரலை மட்டுமே கேட்க முடிந்தது.

அடுத்து, இடத்தைத் தயார்செய்ய வேண்டும். தோட்டத்தின் ஒரு மூலையையாவது கூட்டாமல் விடுங்கள். ஈரம் தங்கிய சருகுக்கு அடியில்தான் புழுவும் பூச்சியும் இருக்கும். ஆறுமணிக் குருவிக்கும் செந்தலைப் பூங்குருவிக்கும் அதுவே சாப்பாட்டுத் தட்டு. சோறோ தானியமோ வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நம் தோட்டத்திற்கு வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சியுண்ணிகள். தானியத்திற்குக் காகமும் புறாவும்தான் கூடும். அந்தச் சந்தடியில் கூச்சமுள்ள பறவை ஒதுங்கிவிடும்.

தண்ணீர் வேறு விஷயம். இரண்டு அங்குலத்திற்கு மேல் ஆழமில்லாத அகன்ற மண்தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு சொரசொரப்பான கல்லை வைத்து, பூனை பதுங்க முடியாத திறந்த இடத்தில், மர நிழலில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றாவிட்டால் கொசு பெருகும். பறவைகளுக்கு நோயும் பரவும். கார்த்திகையில் எங்கும் மழைநீர் தேங்கியிருப்பதால் தட்டு சீந்தப்படாமல் கிடக்கும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மழை ஓய்ந்து, தை பிறந்து, மண் காயத் தொடங்கியதும் வருகை கூடும். அரசவால் ஈப்பிடிப்பான் பெரும்பாலும் மாலையில் குளிக்க வரும். கிளையிலிருந்து நேராக நீரில் பாய்ந்து, தொட்ட கணத்தில் மேலே எழுந்து, இறகை உதறிவிட்டு மறுபடி பாயும். நீரில் விழும் கணத்தைப் பிடிக்க முயல்வதைவிட, அது திரும்பி வந்து அமரும் கிளையில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பது பலன் தரும்.

ஒளியைப் பொறுத்தவரை இது நமக்கு வாய்த்த பருவம். டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன்கூட 54 பாகை உயரத்தைத் தாண்டுவதில்லை. சித்திரையிலோ உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். எனவே சாய்ந்த, மென்மையான ஒளி காலையில் இன்னும் சிறிது நேரம் நீடிக்கிறது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி அமருங்கள். பறவைக்கும் அதன் பின்னாலுள்ள செடிக்கும் இடைவெளி கூடக் கூடப் பின்னணி கலைந்து மென்மையாகும். ஆகையால் தட்டையும் அமரும் குச்சியையும் மதிலை ஒட்டி வைக்காமல் சில அடி முன்னால் தள்ளி வையுங்கள்.

தரையில் இரைதேடும் பறவைக்குத் தரையில் படுப்பதே வழி. நின்றபடி எடுத்த படத்தில் முதுகும் சருகும்தான் தெரியும். ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி நிரப்பி அதன்மேல் லென்ஸைக் கிடத்தினால் முக்காலி தேவையில்லை. முன்னால் ஒரு பழைய பச்சைச் சேலையைக் கொடியில் தொங்கவிட்டு, அதன் இடுக்கு வழியாகப் பாருங்கள். ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டும், இரண்டு மூன்று முறை தத்தும், பின்பு சிலைபோல நிற்கும், குட்டை வால் மட்டும் மெல்ல ஏறி இறங்கும். அது நிற்கும் அந்த நொடிதான் உங்களுடையது. அப்போது 1/250 நொடி ஷட்டர் வேகமே போதும். வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே நடக்கும் கொடிக்கால் வாலாட்டிக்கு 1/800 ஆவது வேண்டும்; முருங்கைப் பூவில் தொங்கும் தேன்சிட்டுக்கு 1/1600.

நிழலில் இந்த வேகங்களுக்கு, கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியான இரைச்சலைப் பிறகு கணினியில் குறைத்துக்கொள்ளலாம்; அசைந்து மங்கிய கண்ணை எதுவும் மீட்காது. ஃபோகஸை, பறவை நகர நகரத் தானே பின்தொடரும் தொடர் நிலையில் வைத்துக் கண்ணைக் குறிபாருங்கள். இருண்ட புதரின் முன்னால் வெள்ளை ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் வந்தால், கேமரா இருட்டை அளந்து ஒளியைக் கூட்டி, இறகின் நுண்வரிகளை அழித்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஏறக்குறைய ஒரு படி குறையுங்கள். வெளிறிய வானத்தின் முன்னால் கிளையில் அமர்ந்த பறவைக்கு நேர்மாறாக ஒரு படி கூட்டுங்கள். 300 மில்லிமீட்டர் லென்ஸ், ஐந்து மீட்டர் தொலைவில் தட்டு: இதுவே நிறைவான படங்களைத் தரும்.

மலைக்காடுகளில் உத்தி மாறுகிறது. அங்கே பறவைகள் கலப்புக் கூட்டமாக இரைதேடும். துடுப்புவால் கரிச்சான், மரங்கொத்தி, மின்சிட்டு, பட்டாணிக் குருவி எல்லாம் ஒன்றாக ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்திற்கு நகரும். அரை மணி நேரம் காடே வெறுமையாக இருக்கும். பிறகு ஐந்து நிமிடம் கண் போதாது. கூட்டத்தின் பின்னால் ஓடாமல், அது போகும் திசையில் சற்று முன்னதாகப் போய் நில்லுங்கள். காப்புக்காட்டிற்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். நீலகிரியில் ஜனவரி விடியலில் உறைபனி விழும். குளிரில் பேட்டரி விரைவில் இறங்குவதால், மாற்றுப் பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடல் சூட்டில் வைத்திருங்கள். அறைக்குத் திரும்பியதும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். ஒரு மணி நேரம் மூடியே வையுங்கள். சமவெளியில் ஏசி அறையிலிருந்து தோட்டத்திற்கு வரும்போதும் இதேதான் நடக்கும்.

கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாக எண்ணி, இரைதேட வேண்டிய நேரத்தை அது வீணாக்கும். இரவில் உறங்கும் பறவை மேல் ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. வந்த புதிதில் சோர்ந்து வீட்டுக்குள் விழுந்த பறவை கிடைத்தால், படத்தை மறந்து, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டில் வைத்து, தேறியதும் தோட்டத்தில் விடுங்கள்.

ஒவ்வொரு பொங்கலையொட்டியும் 2015 முதல் நடந்துவரும் பறவைகள் கணக்கெடுப்பில் உங்கள் தோட்டத்துப் பட்டியலையும், பறவைப் பதிவுகளைத் திரட்டும் இபேர்ட் இணையதளம் வழியாகச் சேர்க்கலாம். படம் இருந்தால் அடையாளத்தைச் சரிபார்ப்பதும் எளிது. பங்குனி முடிவதற்குள் குரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். கடைசியாகக் கேட்ட தேதியை அதே நோட்டில் குறித்து வையுங்கள். ஐப்பசியில் எந்த நாளிலிருந்து காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு முதல் வரவின் தேதி எப்படி உதவுகிறதோ, மாசியில் எத்தனை காலைகள் மிச்சமிருக்கின்றன என்பதற்கு இது உதவும்.