காப்பர் லைனை விட்டு ஃபைபருக்கு மாறும் முன்

நீடாமங்கலம் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் டெலிபோன் லைன்மேனாக இருந்தவன் நான். ஃபைபர் போடுகிறவர்கள் இன்றைக்கும் என்னைப் பிடித்துக் கேட்பது, "பழைய நம்பர் வருமா?" என்றுதான். அதே நிறுவனத்தில், அதே ஊரில் மாறினால் பெரும்பாலும் வரும். விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கேட்க வேண்டியது வேறு. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?

காப்பரில், அதாவது பழைய செம்புக் கம்பி லைனில், அந்தக் கவலை இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அந்த இரண்டு கம்பி வழியாகவே வீட்டுக்கு வந்துவிடும். 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில், மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட்டின் 128 லைன் கிராம எக்ஸ்சேஞ்ச் முதலில் ஓடியது. ஏசி அறை கேட்காத பெட்டி அது. பிறகு எங்கள் பக்கமும் வந்தது. டிரங்க் கால் பதிந்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்த ஜனங்கள் வீட்டிலிருந்தே எஸ்டிடி போட்டார்கள். ஊரே இருண்டு கிடக்கும், மணி மட்டும் அடிக்கும்.

காப்பருக்கு எமன் தண்ணீர்தான். ஐப்பசி மழையில் ஜாயின்டுக்குள் ஈரம் இறங்கினால் போனில் ஒரே கரகரப்பு. வரப்போரம் எலி கடிக்கும், வாய்க்கால் தூர்வாரும் பொக்லைன் அறுத்துவிடும். ஃபைபர் கண்ணாடி இழை, ஈரத்துக்குக் கரகரக்காது. ஆனால் கண்ணாடியில் கரண்ட் வராதே! வீட்டில் வைக்கிற ஃபைபர் பெட்டி வீட்டுக் கரண்டில்தான் ஓடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறிய பிறகு எத்தனை நாள் விளக்கில்லாமல் கிடந்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

அதனால் முதலில் ஒரு மினி யுபிஎஸ், கரண்ட் போனாலும் பெட்டியை ஓட்டும் சின்ன பேட்டரி, வாங்குங்கள். ஃபைபர் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது. வைஃபை பெட்டி தனியென்றால் அதற்கும் கணக்குப் போடுங்கள். சில மணி நேரம்தான் தாங்கும். புயல் மாதத்துக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. ஃபிட் பண்ண வந்த பையன்கள் கிளம்பும் முன் மெயினை அணைத்து ஒரு கால் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஒயர் வரும் வழி. கம்பத்திலிருந்து வாசலுக்கு வரும்போது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போகிற உயரத்துக்கு மேலே இழுக்கச் சொல்லுங்கள். திருப்பங்களில் காபி டபராவைச் சுற்றி வருகிற அளவுக்கு வளைவு வேண்டும், அதைவிட இறுக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். இதைச் சொல்லும் நானே என் வீட்டில் நிலைக்கதவு மூலையில் அழகாக மடித்து ஆணி அடித்துவிட்டு, அரை நாள் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்த பையன் ஆணியைப் பிடுங்கினான், பச்சை வந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான்.

அந்தச் சிவப்பு, பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) என்று எழுதியிருக்கும் விளக்கு. அது மின்னினால் ஒளி வரவில்லை, புகார் கொடுங்கள். பான் (PON) என்று எழுதியிருக்கும் விளக்கு நிலையான பச்சையாக இருந்தும் நெட் வராவிட்டால் ஒயரைக் குற்றம் சொல்லாதீர்கள். பில் கட்டினீர்களா என்று பாருங்கள். ஒயர் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

அப்புறம், இந்த லைனிலிருந்து செல்போனுக்குப் போடும்போது முன்னால் 0 சேருங்கள், 2021 ஜனவரி 15 முதல் அதுதான் முறை. தாத்தா காலத்து டயல் சுழற்றும் போனை மாட்ட ஆசைப்பட்டால் மாட்டலாம். மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். ஆனால் சுழற்றினால் பல பெட்டிகளுக்குப் புரியாது. போட வேண்டுமானால் பட்டன் போன் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.