ஆவணங்களைப் பூட்டி அனுப்புவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பிறையில் எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த பெற்றோர் சிலருக்கு, பிள்ளைகளின் உயர்கல்வி உதவிநிதி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) நகல், பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை என ஒரு குடும்பத்தின் முழு விவரமும் என் மடிக்கணினி வழியாகக் கோலாலம்பூருக்குப் போகிறது. தொடக்கத்தில் ஓர் அலுவலகம் கொடுத்திருந்த பழைய எஃப்டிபி (கோப்புகளை இணையம் வழி அனுப்பும் ஒரு பழைய முறை) முகவரிக்கு அவற்றை அப்படியே பதிவேற்றினேன். கோப்பை மட்டுமன்றிப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும்கூட மறைக்காமல் அனுப்பும் முறை அது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். நம்பிக் கொடுத்தவர்களின் தாள்களைத் திறந்தபடி அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

நம் இணையச் சேவை நிறுவனத்துக்கு எது தெரியும் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பினாங்குப் பாலத்தின் டோல் சாவடியில் எந்த லாரி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது தெரியும். பெட்டி பூட்டியிருந்தால் உள்ளிருப்பது தெரியாது. அதுபோல, நாம் எந்த முகவரியோடு, எப்போது, எவ்வளவு தரவு பரிமாறினோம் என்பதை நிறுவனம் காணும். தளத்தின் முகவரி எச்டிடிபிஎஸ் (https) என்று தொடங்கினால் உள்ளடக்கம் வழியில் மறைந்தே போகும். ஆனால் அந்த மறைப்பு மறுமுனையில் உள்ள சேமிப்பகத்தோடு முடிந்துவிடுகிறது. கணினியை விட்டு வெளியேறும் முன்பே நாமே கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டால், அது யாருடைய கம்பி வழியாகச் சென்றாலும், யாருடைய சேமிப்பகத்தில் தங்கினாலும் பூட்டியே இருக்கும்.

முதல் படியாக, செவன்-ஜிப் என்னும் இலவச மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து மட்டும் பதிவிறக்கி நிறுவுங்கள். அனுப்ப வேண்டிய கோப்புகள் அனைத்தையும் ஒரே கோப்புறையில் போட்டு, அதன்மீது வலது பொத்தானை அழுத்தி, செவன்-ஜிப் பட்டியலில் 'ஆட் டு ஆர்க்கைவ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அந்தப் பட்டியல் தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதை முதலில் அழுத்துங்கள்.

திறக்கும் சாளரத்தில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். கோப்பு வகை 7இசட் என்று இருக்கட்டும்; அதில் மறையாக்கம், அதாவது கடவுச்சொல் இல்லாதவர் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றுவது, ஏஇஎஸ்-256 என்ற வலிமையான முறையில் நடக்கும். ஜிப் வகையைத் தேர்ந்தெடுத்தால் 'ஜிப்கிரிப்டோ' என்ற பழைய முறை வந்து நிற்கக்கூடும். அதை உடைக்கும் வழி 1994இலேயே ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டுவிட்டது. அடுத்து, கடவுச்சொல்லை இரு முறை உள்ளிடுங்கள். மூன்றாவதாக, 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்ற கட்டத்தில் குறியிடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். குறியிடாவிட்டால், உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களைக் கடவுச்சொல் இல்லாமலேயே படிக்கலாம். மாணவியின் பெயரையும் மைகார்டு எண்ணையும் கோப்புக்குப் பெயராக வைக்கும் பழக்கம் நம்மிடம் உள்ளதல்லவா? அதே காரணத்தால், பூட்டிய கோப்புக்கும் 'தொகுப்பு-3' என்பது போன்ற பொதுவான பெயரையே வையுங்கள்.

பூட்டின் வலிமை முழுவதும் கடவுச்சொல்லில்தான் இருக்கிறது. பிடித்த குறளை வைத்தால் யாரும் ஊகிக்க முடியாது என்று ஒரு நண்பர் சொன்னார். குறள்கள் மொத்தம் 1,330 மட்டுமே. அத்தனையையும் முயன்று பார்க்கக் கணினிக்கு அதிக நேரம் தேவையில்லை. அதற்குப் பதிலாகப் பகடையை உருட்டுங்கள். இணைய உரிமைகளுக்காக இயங்கும் இஎஃப்எஃப் அமைப்பு 2016இல் வெளியிட்ட பட்டியலில் 7,776 ஆங்கிலச் சொற்கள் உள்ளன; ஐந்து முறை உருட்டிக் கிடைக்கும் எண் ஒரு சொல்லைக் காட்டும். இப்படி ஆறு சொற்களைத் தேர்ந்தெடுத்தால், சாத்தியமான சேர்க்கைகள் 2 என்ற எண்ணுக்குப் பின் 23 சுழியங்கள் வரும் அளவுக்குப் பெருகிவிடும். சொற்களை மனம் விரும்பியபடி மாற்றாதீர்கள். தற்செயலாக வந்ததுதான் வலிமை.

கடவுச்சொல் கோப்பு போகும் வழியில் போகக் கூடாது. கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால், சொற்களைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள், அல்லது சிக்னல் என்னும் செய்திச் செயலியில் அனுப்புங்கள். புலனத்திலும் (வாட்ஸ்அப்) செய்திகள் வழியில் மறைந்தே செல்கின்றன. ஆயினும் பெறுபவரின் மேகச் சேமிப்பில் எடுக்கப்படும் காப்புநகல், அவர் தனியே மறையாக்கத்தை இயக்கியிருந்தால் மட்டுமே பாதுகாக்கப்படும்.

பெறுபவர் எஃப்டிபிதான் வேண்டும் என்றால், அனுப்புவதை வழியில் மறைக்கும் எஸ்எஃப்டிபி முறையைத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டாலும், பூட்டிய கோப்பின் உள்ளடக்கம் காக்கப்படும். பலர் தங்களுக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர உதவும் டொரண்ட் மென்பொருள்களில் உள்ள மறையாக்க அமைப்பை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். அது போக்குவரத்தின் அடையாளத்தைக் குழப்புவதற்காக வந்தது, இணையத்தில் நம் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரி மற்றப் பங்கேற்பாளர்களுக்குத் தெரிந்தே இருக்கும். நம் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் சேவையைப் பயன்படுத்தினால், சேவை நிறுவனம் காண்பதை விபிஎன் நிறுவனம் காணும். நம்பிக்கை இடம் மாறுகிறது, அவ்வளவே.

எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதையும் ஓரளவு மறைக்க விரும்புவோர், ஃபயர்ஃபாக்ஸ் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று எச்டிடிபிஎஸ் வழி டிஎன்எஸ் வசதியை இயக்கலாம். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு. தளத்தின் பெயரைத் தேடும் கேள்வி பொதுவாக மறைக்கப்படாமல் செல்வதால், சேவை நிறுவனம் அதைப் படிக்கவும் திருப்பிவிடவும் முடியும். 2024 செப்டம்பரில் நம் மலேசியாவில் அக்கேள்விகளை உள்ளூர்ச் சேவையகங்களுக்குத் திருப்பிவிடும் திட்டம் எழுந்ததும், பொதுமக்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

அனுப்பும் முன், பூட்டிய கோப்பை நீங்களே ஒரு முறை திறந்து பாருங்கள். கடவுச்சொல்லில் ஓர் எழுத்து பிழையாகிவிட்டால் மீட்டுத் தர யாராலும் இயலாது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பெறுபவர்கள் இசட்ஆர்க்கைவர் செயலியைக் கொண்டு திறக்கலாம். அவர் திறந்துவிட்டதாகச் சொன்ன பிறகு, உங்கள் கணினியில் பூட்டாமல் கிடக்கும் நகல்களை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள்.