நர்ஸ் வேலையோட எழுத்தும் பண்றீங்களா? இதுல மாட்டிக்காதீங்க

தென்னாப்பிரிக்காவுல, எங்க டர்பன்ல, இப்ப எந்த வார்டுக்குப் போனாலும் ஒரு பொண்ணாவது "அக்கா, எழுதி சம்பாதிக்கலாமாமே, எப்படி?"ன்னு கேக்குது. கேக்கட்டும், நல்லதுதான். பயந்துபோய் நிக்கிற குடும்பத்துக்கு சுகர் ரிப்போர்ட்ட ரெண்டு நிமிஷத்துல புரியவெக்கத் தெரிஞ்சவங்க எழுதாம வேற யார் எழுதுறது? ஆனா நாங்க அந்தக் காலத்துல விழுந்த அதே குழியில இவங்களும் வரிசையா வந்து விழுறாங்க, பாக்க எரிச்சலா வருது. ஸ்பெல்லிங், டெட்லைன் எல்லாம் நான் பேசப்போறதில்ல, ஆறு மணி மருந்த ஆறு மணிக்குக் குடுக்குறவங்களுக்கு டெட்லைன் பத்தி நான் என்ன சொல்ல.

பர்மிஷன் இல்லாம ஆரம்பிக்கிறது

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி, கிளினிக்ல இருக்கிறவங்க 1994ஆம் வருஷ பப்ளிக் சர்வீஸ் சட்டத்துல 30ஆவது பிரிவ ஒரு தடவ படிங்க. வெளிய காசுக்கு எந்த வேல செஞ்சாலும் முன்கூட்டியே எழுத்துல அனுமதி வேணும். ஆர்வாப்ஸ் ஃபார்ம்னு எல்லாரும் சொல்றாங்களே, அதுதான். ஏஜென்சி ஷிஃப்ட்டுக்கு மட்டும்தான் அதுன்னு பாதிப்பேர் நெனச்சிட்டு இருக்காங்க. கட்டுரைக்குக் காசு வாங்கினா அதுவும் வேலதான். பிரைவேட்ல இருந்தா உங்க கான்ட்ராக்ட்ட எடுத்துப் பாருங்க.

பேர வாடகைக்கு விடுறது

இதப் பத்திதான் எழுதணும்னு உக்காந்தேன்.

எப்படி வரும்னா, ஏதோ ஒரு கம்பெனில இருந்து மெயில் வரும், "நீங்க எழுதவே வேணாம் சிஸ்டர், நாங்க எழுதின கட்டுரைய ஒரு பார்வ பாத்து ஓகே சொல்லுங்க, கீழ 'சரிபார்த்தவர், பதிவு பெற்ற நர்ஸ்'னு உங்க பேர் போட்டுக்கிறோம்"னு. கட்டுரைக்கு 350 ராண்ட். பத்து நிமிஷ வேலதானேன்னு தோணும். அவங்க காசு குடுக்கிறது உங்க பத்து நிமிஷத்துக்கு இல்ல, படிச்சு, பிராக்டிகல் முடிச்சு, வருஷா வருஷம் நர்சிங் கவுன்சிலுக்குப் பணம் கட்டிக் காப்பாத்துற அந்தப் பதிவுக்கு.

எங்ககூட வேல பாத்த ஒரு சின்னப் பொண்ணு இப்படித்தான் ஒத்துக்கிச்சு. பாகற்காய் கேப்சூல் விக்கிற கம்பெனி. அந்தப் பொண்ணு பாத்து அனுப்பின டிராஃப்ட்ல ஒரு தப்பும் இல்ல, நானே படிச்சேன், "டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்தாதீங்க"ன்னு தெளிவா இருந்துச்சு. கம்பெனில மார்க்கெட்டிங் ஆள் ஒருத்தன் அந்த வரி விற்பனைக்கு ஆகாதுன்னு தூக்கிட்டு, "மூணு வாரத்துல மாத்திரையப் படிப்படியா குறைச்சிக்கலாம்"னு போட்டுட்டான். பேர மட்டும் எடுக்கல, கீழ அப்படியே இருந்துச்சு. ஒருநாள் கிளினிக்ல சாட்ஸ்வொர்த் யூனிட் 5 அங்கிள் ஒருத்தர் போன நீட்டி, "உங்க ஆளுங்களேதான் எழுதிருக்காங்க சிஸ்டர், பாருங்க"ன்னு காட்டுறார். அவர் மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரைய பாதியாக்கிட்டு கேப்சூல் முழுங்கிட்டு இருந்திருக்கார். ஊசி குத்திப் பாத்தா சுகர் 19, இங்க அளக்குற மில்லிமோல் கணக்குல அது ரொம்ப அதிகம். நல்லவேள அவர் கிளிக்லசைட்ங்கிற இன்னொரு சுகர் மாத்திரை எடுக்கல, அதோட பாகற்காயும் சேந்தா சுகர் ரொம்ப இறங்கி மயக்கமும் வந்திருக்கலாம்.

அந்தப் பொண்ணு கம்பெனிக்கு எழுதி பேர எடுக்கச் சொல்லுச்சு. "நீங்க கையெழுத்துப் போட்ட அக்ரிமென்ட்ல, நாங்க எப்படி வேணும்னாலும் திருத்தலாம், எங்க வேணும்னாலும் போடலாம்னு இருக்கு"ன்னு பதில். இருந்துச்சுதான், நாலாவது பக்கத்துல. வக்கீல் லெட்டர் போனப்புறம்தான் பேர் போச்சு, அந்த லெட்டருக்கு ஆன செலவுல அது வாங்கின காசெல்லாம் எங்கயோ போச்சு, அதுக்கு மேல கவுன்சிலுக்கு யாராவது கம்ப்ளெய்ன்ட் போட்டுருவாங்களோன்னு எத்தன நாள் தூங்காம கெடந்துச்சு தெரியுமா.

யாரோ ஏத்தி வெச்ச சிரிஞ்ச வாங்கி நீங்க பேஷண்டுக்குப் போடுவீங்களா? மாட்டீங்கல்ல? அப்புறம் யாரோ மாத்தப்போற பேப்பர்ல மட்டும் எதுக்குப் பேர் போடுறீங்க?

பேர் போடத்தான் வேணும்னா அக்ரிமென்ட்ல ரெண்டு வரி சேக்கச் சொல்லுங்க: நான் கடைசியா ஓகே சொன்னதுக்கப்புறம் ஒரு வார்த்த மாறினாலும் திரும்ப என்கிட்ட வரணும், வரலைன்னா என் பேர் வரக்கூடாது. பேர் பக்கத்துல நீங்க பாத்த தேதியும் இருக்கட்டும், மருத்துவ கைட்லைன் மாறும், நீங்க அன்னைக்கு சொன்னது அன்னைக்கு சரி. ஓகே சொன்ன காப்பிய மெயில்ல பத்திரமா வெச்சுக்கோங்க. இதுக்கெல்லாம் மொகம் சுளிக்கிற கிளையண்ட் போகட்டும், விடுங்க. இன்டெம்னிட்டி கவர், அதாவது வேலைல ஏதாவது தப்பாகி கேஸ் வந்தா காப்பாத்துற இன்சூரன்ஸ், இருக்கிறவங்க அது வார்டு வேலைக்கு மட்டுமா இல்ல எழுத்துக்கும் சேத்தான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க.

மாத்திரைக்கு விளம்பரம் எழுதுறது

மருந்துகள சட்டம் ஷெட்யூல்னு வகை பிரிச்சு வெச்சிருக்கு, அதுல ஷெட்யூல் 2லயும் அதுக்கு மேலயும் உள்ள மருந்த பொதுமக்களுக்கு விளம்பரம் பண்ண இங்க சட்டம் விடாது. எழுதாதீங்க.

பேஷண்ட் பேர மாத்திட்டா போதும்னு நெனைக்கிறது

போதாது. "ஃபீனிக்ஸ்ல கட வெச்சிருந்த ஆயா, வலது கால் எடுத்தாச்சு, மகன் ஆஸ்திரேலியாவுல"ன்னு எழுதினா கோயில்ல காவடி அன்னைக்கு நிக்கிற பாதிப்பேர் யாருன்னு சொல்லிடுவாங்க. நம்ம ஊர் அவ்வளவு சின்னது. 2021 ஜூலைல இருந்து போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுசா அமல்ல இருக்கு, உடல்நல விவரத்துக்கு அதுல தனிப் பாதுகாப்பே உண்டு. ஊர், தொழில், வயசு, குடும்பம் எல்லாத்தையும் கலச்சுப் போடுங்க, இல்ல அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க.

சாம்பிள் கட்டுரைய ஓசில எழுதிக் குடுக்குறது

எழுதாதீங்க. உங்க பழைய கட்டுரைய அனுப்புங்க.

வரி

சம்பளத்துல பிடிக்கிறாங்கல்ல, அது போதும்னு இருந்துடாதீங்க. எழுத்த ஒரு தொழிலா செஞ்சு காசு வந்தா நீங்க ப்ரொவிஷனல் டேக்ஸ், அதாவது வருஷத்துல ரெண்டு தடவ முன்கூட்டியே வரி, கட்டுற ஆள், ஆகஸ்ட் கடைசி, பிப்ரவரி கடைசி. வர்ற காசுல ஒரு பங்க அன்னைக்கே தனி அக்கவுண்ட்ல போட்டுருங்க.

"ஹெல்த் பத்தி எழுதுவேன்"னு எடிட்டர்கிட்ட சொல்றது

எந்த எடிட்டருக்கும் இது வேணாம். குறிப்பா ஒண்ணு கொண்டு போங்க. உதாரணத்துக்கு, 2016ல தென்னாப்பிரிக்கா பிரட், சிப்ஸ், சூப் பவுடர், ஸ்டாக் கியூப்ல எல்லாம் சோடியத்துக்கு, அதாவது உப்புல இருக்கிற அந்தச் சத்துக்கு, வரம்ப அமலுக்குக் கொண்டுவந்துச்சு. பிரட்டுக்கு 100 கிராமுக்கு 400 மில்லிகிராம், 2019ல அது 380 ஆச்சு. ஆனா நம்ம வீட்ல மாங்கா ஊறுகாய்க்கும், பன்னி சௌன்னு குடைஞ்ச பிரட் உள்ள ஊத்துற கறிக்கும் அந்த வரம்பு கெடையாது. பிரஷர் மாத்திரைய வாயில போட்டுட்டு ஊறுகாய் பாட்டில எட்டி எடுக்கிற அங்கிளுக்கு இத எப்படி சொல்லுவீங்க? இதான் கட்டுரை. நீங்க எழுதலைன்னா நான் எழுதிடுவேன்.